தாய்மாமன் எங்கே?

கல்யாண மண்டபத்தில் யார் சொல் செல்லும் என்று கேட்டால், பெண்ணைப் பெற்றவர் மாப்பிள்ளையின் அப்பாவைக் காட்டுவார். மாப்பிள்ளையின் அப்பா தன் மனைவியைக் காட்டுவார். புரோகிதர் பஞ்சாங்கத்தைக் காட்டுவார். மூவருமே தவறு. முகூர்த்தம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கையில், தாலி மாப்பிள்ளையின் கைக்கு வந்துவிட்ட பிறகு, "சாமி, ஒரு நிமிஷம்" என்று ஒரு குரல் வரும். மந்திரம் பாதியில் நிற்கும். நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிடுவார். அட்சதையோடு உயர்ந்த கைகள் உயர்ந்தபடியே நிற்கும். "அந்தச் சொம்பைக் கொஞ்சம் தள்ளி வையுங்க, பொண்ணு முகத்தை மறைக்குது" என்பார் குரலுக்குச் சொந்தக்காரர். சொம்பு நகரும். அதன் பிறகுதான் கல்யாணம் நடக்கும்.

இவருக்கு யாரும் தட்டில் பழம் வைத்துப் பத்திரிகை கொடுப்பதில்லை. அட்வான்ஸ் கொடுப்பதோடு சரி. ஆனாலும் விடியற்காலை நாலு மணிக்கு, காப்பி போடுகிறவருக்கு அடுத்தபடியாக மண்டபத்துக்குள் நுழைகிறவர் இவர்தான். ஒரு காலத்தில் சபாரி உடையில், தோளில் கறுப்புத் தோல்பையுடன் வந்தார். இப்போது முதுகில் ஸ்டுடியோ பெயர் அச்சடித்த கறுப்பு பனியன், இடுப்பின் இரண்டு பக்கமும் தொங்கும் கேமராக்கள். முதுகில் பெயர் போடுவதில் நியாயம் இருக்கிறது. முகூர்த்த நேரத்தில் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் ஐந்நூறு பேருக்கும் தெரிகிற ஒரே காட்சி அந்த முதுகுதான். தாலி கட்டியதைப் பக்கவாட்டில் தொங்கும் டி.வி. திரையில் பார்த்துவிட்டு, திரையை நோக்கி அட்சதை போடுகிறவர்களையும் நான் கண்டிருக்கிறேன்.

போட்டோ எடுப்பது பெரிய வித்தை இல்லை. வெளிச்சம், தூரம், ஷட்டர் வேகம் எல்லாம் ஒரு கெட்டிக்காரப் பையனுக்கு ஆறு மாசத்தில் பிடிபட்டுவிடும். பெண்ணின் தாய்மாமன் யார் என்று கண்டுபிடிக்கத் தெரிவதற்கு ஆறு வருஷம் ஆகும். தொழிலே அதுதான்.

புதிதாகத் தொழிலுக்கு வந்தவர் மேடையில் நின்று, "பொண்ணோட தாய்மாமன் வாங்க" என்று கூப்பிடுவார். நாலு பேர் எழுந்து வருவார்கள். அம்மாவின் தம்பி ஒருவர். அம்மாவின் பெரியம்மா பையன் ஒருவர். காது குத்துக்கு அவர் மடியில்தான் குழந்தையை உட்கார வைத்தார்கள், ஆகவே உரிமை உண்டு. மூன்றாமவர் தூரத்து முறை. ஆனால் மண்டப வாடகை அவர் கொடுத்தது. நாலாமவர் யார் என்று யாருக்கும் தெரியாது. கூப்பிட்டும் வராமல், மூன்றாவது வரிசையில் துண்டின் நுனியைத் திருகிக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தபடி ஒருவர் உட்கார்ந்திருப்பார் பாருங்கள், அவர்தான் அசல் தாய்மாமன். ஊரோடு சேர்த்துக் கூப்பிட்டால் வரமாட்டார். கிட்டே போய்க் கூப்பிட வேண்டும். அனுபவசாலி அதைச் செய்வார். கேமராவை உதவியாளன் கையில் கொடுத்துவிட்டு, படியிறங்கிப் போய், "மாமா, நீங்க வராம எடுக்க வேண்டாம்னுட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்வார். இவருக்கு அவர் மாமா இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு முன்பு அவரை இவர் பார்த்ததும் இல்லை. ஆனால் துண்டு தோளுக்குப் போகும், மாமா எழுந்துவிடுவார்.

இந்த விவரங்களைச் சேகரிக்க இவரிடம் வழிகள் உண்டு. கல்யாண வீட்டார், "எங்க பையன் ஒருத்தன் கூடவே இருப்பான், யார் யார்னு சொல்லுவான்" என்று ஒரு கல்லூரி மாணவனை ஒப்படைப்பார்கள். அவன் டிபன் தொடங்கும் வரை இருப்பான். அவனை நம்பித் தொழில் செய்ய முடியாது. கைதேர்ந்தவர் மணமகள் அறைக்குள் நுழைந்ததுமே, எதிலும் பட்டுக்கொள்ளாமல் ஒரு மூலையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருக்கும் வயதான அத்தை ஒருவரைத் தேர்ந்தெடுத்துக்கொள்வார். "அப்பத்தா, உங்களை ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று முதல் படத்தை அங்கே எடுப்பார். அவ்வளவுதான். யார் யாரோடு பேசுவதில்லை, எந்த வீட்டுச் சீர் குறைந்தது, எந்தச் சித்தப்பா பாகப் பிரிவினைக்குப் பிறகு இன்றைக்குத்தான் முதன்முதலாக வந்திருக்கிறார் எல்லாம் பத்து நிமிஷத்தில் கைக்கு வந்துவிடும்.

பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பிகளை ஒரே படத்துக்குக் கூப்பிடுவது தற்கொலைக்குச் சமம். அண்ணன் குடும்பத்தை ரிசப்ஷன் தொடங்கியதும் எடுத்துவிடுவார். தம்பி குடும்பத்தைப் பந்திக்கு அனுப்பி, அண்ணன் கை கழுவப் போகும் நேரம் பார்த்து மேடைக்கு ஏற்றுவார். சிக்கல் ஆல்பம் கட்டும்போது வரும். இருவருக்கும் சமமான அளவு, சமமான இடம் வேண்டும். ஆகவே எதிரெதிர்ப் பக்கங்களில் போட்டுவிடுவார். திறந்திருக்கும்போது இரண்டு குடும்பமும் ஆளுக்கொரு பக்கம் விறைப்பாக நிற்கும். ஆல்பத்தை மூடினால் அண்ணனும் தம்பியும் முகத்தோடு முகம் ஒட்டிக்கொண்டு கிடப்பார்கள். வருஷத்தில் பெரும்பாலான நாள் ஆல்பம் மூடித்தானே இருக்கிறது.

பிலிம் காலத்தில் இதெல்லாம் இன்னும் கஷ்டம். அகலமான 120 பிலிமில் சதுரப் படம் எடுத்தால் ஒரு சுருளுக்கு 12. சின்னப் பிலிமில் 36. உதகமண்டலத்தில் 1960இல் தொடங்கிய அரசு நிறுவனமான இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் செய்த 'இந்து' பிலிம் கிடைத்த காலம் அது. கிடைத்ததற்காக யாரும் வாரி இறைத்துவிடவில்லை. யாஷிகா இரட்டை லென்ஸ் கேமராவை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து மேலே இருக்கும் கண்ணாடிக்குள் பார்த்து எடுப்பார்கள். அதில் பிம்பம் இடவலம் மாறித் தெரியும். பெண் வீட்டார் நிற்கிற பக்கம் மாப்பிள்ளை வீட்டார் நிற்பார்கள். "கொஞ்சம் வலது பக்கம் நகருங்க" என்று சொல்லி, அவர்கள் சரியாக நகர்ந்ததும், "அட, அந்தப் பக்கம் இல்லீங்க" என்று இவர் கோபித்துக்கொண்டதற்குக் காரணம் இதுதான்.

நானூறு விருந்தாளிகள், கையில் இரண்டு சுருள். என்ன செய்வது? அங்கேதான் சும்மா ஃப்ளாஷ் பிறந்தது. மொய்க்கவரை நீட்டியபடி அசையாமல் நிற்பவர் முகத்தில் பளிச்சென்று வெளிச்சம் அடிக்கும். பிலிம் ஒரு பல் கூட நகர்ந்திருக்காது. அவருக்கு அது தெரியாது. மனம் குளிர்ந்து பந்திக்குப் போய்விடுவார். நிஜமாக எடுக்க வேண்டியவர்களுக்குச் சைகை உண்டு என்பார்கள். மாப்பிள்ளைக்குப் பின்னால் நிற்கும் வீட்டுப் பெரியவர் மீசையைத் தடவினால் பிலிம், தடவாவிட்டால் வெறும் வெளிச்சம். மூன்று மாதம் கழித்து ஆல்பம் பார்க்க வந்தவர், "என் படம் எங்கேப்பா? நான் தாலுகா ஆபீஸ் ஆளோட சேர்ந்து நின்னேனே" என்று கேட்டால் அதற்கும் பதில் தயார்: "நல்லாத்தான் விழுந்துச்சு சார், நீங்க கண்ணை மூடிட்டீங்க. அதான் போடலை." தான் கண்ணை மூடவில்லை என்று நிரூபித்த மனிதர் இதுவரை இல்லை. இதை மோசடி என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. நானூறு பேரும் அன்றைக்குச் சந்தோஷமாகத்தான் வீடு போனார்கள்.

எண்பதுகளின் பிற்பகுதியில் வி.எச்.எஸ். கேமரா வந்தது. கூடவே லைட்டு பாய் வந்தான். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் மூன்றடி தூரத்தில் ஆலசன் விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பது அவன் வேலை. ஹோமப் புகை ஒருபுறம், அந்த விளக்கின் அனல் ஒருபுறம். நெற்றிச் சந்தனம் முதலில் உருகும், அடுத்து பவுடர், கடைசியில் மாப்பிள்ளையின் பொறுமை. விளக்கின் ஒயர் மேடையைச் சுற்றி வளைந்து கிடக்கும். அதில் தடுக்கி விழாத சம்பந்தி கிடையாது. விழுந்ததும் கேசட்டில் பதிவாகியிருக்கும். பந்திக்குள் கேமரா நுழைந்தால் அமர்க்களம். எதிரில் விளக்கு வந்ததும், பாயசத்தில் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தவர் கையை இலை ஓரத்தில் வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்வார். பக்கத்து இலைக்காரர் கவளத்தை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் ஒரு பக்கக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு புன்னகை செய்வார். ஒரு பந்தி முழுக்க இருபது நிமிஷம் இப்படி ஓடும். அதைப் பிற்பாடு உட்கார்ந்து முழுசாகப் பார்த்தவர்கள் உண்டு. தங்கள் முகம் எங்கே வருகிறது என்று தேடியவர்கள்.

மிக்ஸிங் என்று ஒரு கலை இருந்தது. ரோஜாப்பூ விரியும், நடுவில் மணப்பெண். இதயம் ஒன்று உருண்டு வந்து இரண்டாகப் பிளக்கும், உள்ளே மாப்பிள்ளை, பின்னணியில் சினிமாப் பாட்டு. இன்றைய பிள்ளைகள் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். துபாயில் லீவு கிடைக்காத அண்ணன் திரையின் மேல் மூலையில் ஒரு வட்டத்துக்குள் தோன்றி, தங்கை கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பானே, அதைச் செய்தது அந்த மிக்ஸிங்தான். இறந்துபோன தாத்தாவும் அதே வழியில் வந்து ஆசீர்வாதம் செய்துவிட்டுப் போவார். கல்யாணத்துக்கு வர முடியாத உறவுகளையும் கொண்டுவந்து சேர்த்தார் இவர். அதற்கு ரோஜாப்பூ தேவைப்பட்டால் இருந்துவிட்டுப் போகட்டும்.

கல்யாணத்துக்குக் கல்யாணம் முக்கியஸ்தர் மாறுவதுதான் இவருக்குப் பெரிய சோதனை. ஐயர் வீட்டுக் கல்யாணத்தில் மாலை மாற்றும்போது மாமாக்கள் பெண்ணையும் பிள்ளையையும் தோளில் தூக்குவார்கள். கூட்டம் ஆரவாரிக்கும், மாலை விழும், எல்லாம் அரை நிமிஷம். "மாமா, யாரோ குறுக்க வந்துட்டா, இன்னொரு தரம் தூக்குங்கோ" என்று இவரும் அந்த வீட்டுப் பேச்சிலேயே கேட்பார். அமெரிக்காவில் நல்ல வேலையில் இருக்கும் மாப்பிள்ளையின் எடையும் நல்ல எடையாகத்தான் இருக்கும். மாமா தூக்குவார், படத்தில் சிரித்த முகமாகவும் இருப்பார். அவர் இடுப்புக்கு எண்ணெய் தடவுவது ஆல்பத்தில் வராது. பிறகு வாசலுக்கு அழைத்துப் போய் அருந்ததி காட்டுவார்கள். உச்சி வெயிலில், கண் கூச, இல்லாத நட்சத்திரத்தை இரண்டு பேர் பார்க்கிறார்கள். அதைப் படம் எடுக்கிறார். படத்தில் நட்சத்திரம் விழவில்லையே என்று இதுவரை யாரும் பணத்தைப் பிடித்ததில்லை.

கொங்கு நாட்டுக்குப் போனால் கதை வேறு. அங்கே இணைச்சீர் என்று ஒரு சடங்கில் மாப்பிள்ளையின் சகோதரிக்குத்தான் முதல் மரியாதை. பட்டும் நகையுமாக அவர் மணப்பெண்ணுக்குக் குறைவில்லாமல் வந்து நிற்பார். வெளிமாவட்டத்திலிருந்து புதிதாக வந்த போட்டோகிராபர் அவரைப் பெண் என்று நினைத்து, மாப்பிள்ளை பக்கத்தில் நெருக்கி நிற்கச் சொல்லி, "இன்னும் கொஞ்சம் சாய்ஞ்சு நில்லுங்கம்மா" என்று ஆரம்பித்தால், அவர் கோயம்புத்தூரை விட்டு எப்படித் திரும்புவார் என்று சொல்ல முடியாது.

சுயமரியாதைத் திருமணத்தில் ஐயர் கிடையாது, புகை கிடையாது, ராகு காலம் கிடையாது. இவருக்கு வேலை சுலபம் என்று தோன்றும். ஆனால் தலைவர் உண்டு. தலைவர் பத்து மணிக்கு வருவதாக அழைப்பிதழ் சொல்லும். பெரியார் காலத்திலிருந்து நடந்துவந்த இந்தத் திருமணங்களுக்குச் சட்ட அங்கீகாரம் தர அண்ணா முதல்வராக இருந்தபோது, 1967இல், சட்டத் திருத்தம் நிறைவேறியது. மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலும் போதும், தாலி கட்டினாலும் சரி, உறவினர் நண்பர் முன்னிலையில் நடந்தால் செல்லும் என்கிறது அது. அரை நிமிஷத்தில் முடித்துவிடலாம். அந்த அரை நிமிஷத்துக்கு முன்னால் வாழ்த்துரைகள் இருக்கின்றன. மாலையோடு நின்று நின்று மணமக்களுக்குக் கால் மரத்துப்போகும். இவருக்கு வேண்டியது ஒரே ஒரு படம்: தலைவர் தாலியையோ மாலையையோ எடுத்துக் கொடுக்க, மாப்பிள்ளை வாங்குவது. அந்த நொடியில் மேடையில் பதினேழு பேர் தலைவரின் தோளுக்கு மேலாகத் தலையை நீட்டுவார்கள். பிரிண்ட் போட்டால் மணப்பெண்ணைத் தவிர எல்லாரும் இருப்பார்கள்.

தேவாலயத்தில் இவர் அடங்கிய பிள்ளை. பீடத்துப் படியைத் தாண்டக் கூடாது, பூசை நடுவே ஃப்ளாஷ் கூடாது என்று ஃபாதர் முன்கூட்டியே சொல்லிவிடுவார். 'ஒரு நிமிஷம்' என்று ஃபாதரை நிறுத்திய வீரர் யாரும் என் கண்ணில் படவில்லை. நிக்காஹ் நடக்கும் இடத்தில் மாப்பிள்ளை ஆண்களோடு ஒரு பக்கம், பெண் பெண்களோடு இன்னொரு பக்கம். சில ஜமாத்துகளில் பள்ளிவாசலுக்குள் கேமராவே ஆகாது. அனுமதி இருந்தால் மாப்பிள்ளை பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதை எடுத்துவிட்டு இவர் வாசலோடு நின்றுகொள்ள, பெண்கள் பக்கத்துக்குப் பெண் போட்டோகிராபர் போவார். தாய்மாமனைத் தேடும் வேலை இவருக்குப் பாதியாகக் குறையும் நாள் அது.

எல்லாவற்றிலும் கொடியது முகூர்த்த நாளில் வடபழனி முருகன் கோயில். எந்தப் பக்கம் திரும்பினாலும் மாலையும் கழுத்துமாக ஒரு ஜோடி. எல்லாப் பெண்ணும் அரக்குப் பட்டு. எல்லா மாப்பிள்ளையும் பட்டு வேட்டி, நெற்றியில் விபூதி. நேற்று மாலை போனில் பேசி அட்வான்ஸ் அனுப்பிய கட்சியை இதற்கு முன் இவர் நேரில் கண்டதில்லை. "எது நம்ம ஜோடி?" என்று உதவியாளனிடம் கேட்டால், அவன் முழிப்பான். பக்கத்து ஜோடியின் தாலிகட்டை அழகாக எடுத்து முடித்து, இரண்டு கோணத்தில் வீடியோவும் எடுத்து, "மாப்ளே, நெத்தியில குங்குமம் வைங்க" என்று உத்தரவும் போட்ட பிறகு, பின்னாலிருந்து ஒரு கை தோளைத் தட்டும். "தம்பி, நாங்க இங்க இருக்கோம்." பழுத்தவர்கள் மணமக்கள் முகத்தை நம்புவதில்லை. பெண்ணின் அப்பாவிடம் கையில் என்ன பை இருக்கும் என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வார்கள். மஞ்சள் பை எங்கே போகிறதோ அங்கே கேமரா.

இப்போது கேண்டிட் வந்துவிட்டது. தாடி வைத்த இரண்டு இளைஞர்கள் தனியாக வருகிறார்கள். பழைய ஸ்டுடியோக்காரருக்கு 'ட்ரெடிஷனல்' என்று பட்டம்; அவர் கோணத்தில் இவர்களும், இவர்கள் கோணத்தில் அவரும் மாறி மாறி விழுகிறார்கள். தலைமுறை தலைமுறையாக, "இங்க பாருங்க, கேமராவைப் பாருங்க" என்று தமிழர்களைப் பழக்கி வைத்திருந்தார்கள். இவர்கள் வந்து, "கேமராவைப் பாக்காதீங்க" என்கிறார்கள்.

"அம்மாச்சி, நீங்க பாட்டுக்கு இருங்க. என்னைப் பாக்காதீங்க."

"பாக்காம எப்படிய்யா போட்டோ எடுப்ப?"

"சும்மா பேத்திகிட்ட ஏதாச்சும் பேசுங்க."

"என்னத்தப் பேச? எல்லாந்தான் ராத்திரியே பேசியாச்சே."

பல் தெரியாமல் சிரி என்று சொல்லி வளர்த்த அம்மாவின் எதிரிலேயே பெண் தலையைப் பின்னால் சாய்த்து, வாய் விட்டுச் சிரிக்க வேண்டும். என்ன நகைச்சுவை என்று யாரும் கேட்கக் கூடாது. கல்யாணத்துக்கு முன்பே மாமல்லபுரத்துக்கோ புதுச்சேரிக்கோ கூட்டிப் போய் ஒரு படப்பிடிப்பு. காதலித்து மணப்பவர்கள் அங்கே வெட்கப்படுவதாக நடிக்கிறார்கள். பெரியவர்கள் பார்த்து வைத்தவர்கள் காதலிப்பதாக நடிக்கிறார்கள். இரண்டாவது வகையில் காவலுக்கு அனுப்பப்பட்ட சித்தி, கொஞ்ச நேரத்தில் வெள்ளித்தகடு ஒட்டிய ரிப்ளெக்டரைப் பிடித்துக்கொண்டு மணலில் நிற்பார். "சித்தி, கொஞ்சம் மேல தூக்குங்க, மாப்பிள்ளை மூஞ்சில வெளிச்சம் விழல." கண்காணிக்க வந்தவர் வெளிச்சம் போட்டுக் கொடுக்கிறார். ட்ரோன் வேறு. ஒருமுறை அதை மண்டபத்துக்குள் பறக்கவிட்டு, அதன் காற்றில் குத்துவிளக்கின் இரண்டு திரி அணைந்துபோக, பெண்ணின் பாட்டி போட்ட சத்தத்தில் அது தானாகவே தரையிறங்கிவிட்டது என்று நினைக்கிறேன்.

கேண்டிட் ஆல்பம் வரும்போது கண் கொள்ளாத அழகு. மருதாணி விரல், கொலுசு, ஜன்னல் திரை வழியாக வரும் வெயில், மல்லிகைச் சரம், மண்டபத்து வாசலில் தூங்கும் நாய். புரட்டிக்கொண்டே வந்த பெண்ணின் அம்மா நிமிர்ந்து ஒரு கேள்வி கேட்பார்: "எங்கண்ணன் எங்கே?" நாய் இரண்டு பக்கத்துக்கு இருக்கும். அண்ணன் இருக்கமாட்டார். இந்த ஒரு கேள்வியினால்தான், எத்தனை ஆயிரம் கொடுத்துக் கேண்டிட் ஆட்களைச் சென்னையிலிருந்து வரவழைத்தாலும், உள்ளூர் ஸ்டுடியோக்காரருக்கும் ஒரு அட்வான்ஸ் போய்விடுகிறது. அவர் வரிசையாக நிற்க வைத்து, குட்டையானவர்களை முன்னால் இழுத்து, எல்லார் காலும் தெரியும்படி எடுத்துக் கொடுப்பார். அழகாக இருக்காது. யாரும் விடுபட்டிருக்கமாட்டார்கள்.

அந்தப் படங்களுக்கு இன்னொரு வேலையும் காத்திருக்கிறது. பாதிப் பெரியவர்களுக்கு ரேஷன் கார்டு, ஆதார் தவிர வேறு படம் கிடையாது. ஒருநாள் காலையில் யாராவது ஸ்டுடியோ படியேறி, பழைய கல்யாண ஆல்பத்தைப் பிரித்து விரலை வைப்பார்கள்.

"இது எங்க பெரியப்பா. நேத்து தவறிட்டார். தலையை மட்டும் எடுத்துப் பெரிசாப் போட்டுத் தரணும். பேப்பருக்கும் வேணும்."

"சட்டை நல்லா இல்லையே. கோட்டு போட்டுடட்டுமா?"

"போட்டுடுங்க. அப்புறம், தோள் மேல ஒரு கை கிடக்கு பாருங்க, அதை எடுத்துடணும்."

"யார் கை?"

"எங்க சின்னத் தாத்தா மகனுது. இப்ப கேஸ் நடக்குது."

ஸ்டுடியோக்காரர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். அந்தக் கையை அந்தத் தோளில் போடச் சொன்னதே அவர்தான். இரண்டு பேரும் விறைத்துக்கொண்டு நின்றபோது, "அட, அண்ணன் தம்பிதானே, நெருங்கி நில்லுங்க" என்று.

"எடுத்துடலாம். கைக்குத் தனியா இருநூறு ஆகும்."

"கோட்டுக்கு?"

"கோட்டு ஃப்ரீ."